பல்லில் ஒன்றும் இல்லை... ஆனாலும் தாடை வலிக்கிறதா? கழுத்தையும் கொஞ்சம் கவனியுங்க!

காலையில் பல் தேய்க்கும்போதே காதுக்கு முன்னால் ஒரு வலி. தோசையை மெல்லும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். சாயங்காலம் வேலை முடிந்து எழுந்தால் கன்னம் இறுகிப்போய், வலி நெற்றிப்பொட்டு வரை ஏறியிருக்கும். ‘சொத்தைப் பல்லாத்தான் இருக்கும்’ என்று பல் மருத்துவரிடம் போனால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு “பல்லுல ஒண்ணும் இல்லையே” என்கிறார். ‘அப்போ காதுதான்’ என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால், அங்கேயும் அதே பதில்.

அப்படியென்றால் வலி எங்கிருந்துதான் வருகிறது?

இப்படி அலைபவர்களில் பலருக்கு பிரச்னை இருப்பது தாடை மூட்டில், அல்லது அந்த மூட்டை இயக்கும் தசைகளில். அந்தத் தசைகளுக்குத் தேவையில்லாத சுமையைக் கொடுக்கும் விஷயங்களில் ஒன்றாக, நாம் உட்காரும் விதத்தையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். குறிப்பாக, தலையையும் கழுத்தையும் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது. கழுத்துக்கும் தாடைக்கும் அப்படி என்ன தொடர்பு? நேராக உட்கார்ந்தால் வலி போய்விடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பும் மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பும் அங்கேதான் சேருகின்றன. இரண்டுக்கும் நடுவே மெத்தை போல ஒரு சிறிய தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு இடம் விலகித் திரும்பும்போதுதான் பலருக்கும் ‘டக்’ சத்தம் கேட்கிறது. வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை.

முழங்கை மூட்டு கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும். தாடை மூட்டு அதோடு நிற்பதில்லை. வாயைத் திறக்கும்போது முதலில் சுழலும், பிறகு முன்னோக்கி வழுக்கும். பேச, மெல்ல, விழுங்க, கொட்டாவி விட என்று நாள் முழுவதும் அதற்கு வேலைதான்.

இந்த மூட்டிலும் அதைச் சுற்றியுள்ள தசைகளிலும் வரும் கோளாறுகளை மொத்தமாக ‘டிஎம்டி’ என்று அழைக்கிறார்கள். அமெரிக்க தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டில், 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். ஆறுதலான செய்தி என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு இது எளிய கவனிப்பிலேயே குறைந்துவிடும்.

கழுத்துக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு சின்ன சோதனை. நேராக உட்கார்ந்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் படும்படி மெதுவாக இரண்டு மூன்று முறை தட்டுங்கள். எந்தப் பற்கள் முதலில் படுகின்றன என்று கவனியுங்கள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி தட்டுங்கள். அடுத்து, மோவாய் நெஞ்சருகே வரும் அளவுக்குக் குனிந்து தட்டுங்கள்.

மூன்று முறையும் பற்கள் ஒரே இடத்தில் படவில்லை என்பதைப் பலரும் உணர முடியும். தலை பின்னால் சாய்ந்தால் தாடையும் பின்னுக்குப் போகிறது, குனிந்தால் முன்னுக்கு வருகிறது. பல்லில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது கழுத்து மட்டும்தான்.

இதற்கான காரணங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. தலையின் எடை

ஒரு பெரியவரின் தலை சுமார் 5 கிலோ எடை இருக்கும். அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துத் தசைகளுக்குப் பெரிய சிரமம் இல்லை. தலை முன்னால் போகப்போக, அதைத் தாங்கிப் பிடிக்க பின்கழுத்துத் தசைகள் அதிகமாக உழைக்க வேண்டும். குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் இதைக் கணினி மாதிரி மூலம் கணக்கிட்டார். தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மீது விழும் சுமை சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. செல்போன் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் எண்கள் இவை. ஆனால் இது கணக்கு மட்டுமே. மனிதர்களை அளந்து எடுத்ததல்ல, தாடையைப் பற்றியதும் அல்ல. கழுத்துத் தசைகள் ஏன் களைத்துப்போகின்றன என்பதைப் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

2. தாடையைக் கீழே இழுக்கும் தசைகள்

மோவாய்க்குக் கீழே, தொண்டைக்கு மேலே, குதிரை லாடம் போல ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன் பெயர் நாவடி எலும்பு. அதற்கு மேலே உள்ள தசைகள் கீழ்த்தாடையோடும், கீழே உள்ள தசைகள் மார்பெலும்பு, தோள்பட்டை எலும்பு ஆகியவற்றோடும் இணைந்திருக்கின்றன. அதாவது தாடையும் நெஞ்சும் தசைகளால் கட்டப்பட்டிருக்கின்றன என்றே சொல்லலாம்.

லேப்டாப் முன் கூன் போட்டு உட்காரும்போது என்ன நடக்கிறது? தோள் வளைகிறது, தலை முன்னால் நீள்கிறது. ஆனால் கண் திரையைப் பார்க்க வேண்டுமே! அதனால் மேல்கழுத்து பின்பக்கமாக மடங்குகிறது. ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பது போன்ற நிலை அது. அப்போது முன்கழுத்துத் தசைகள் இழுபட்டு, தாடையைக் கீழும் பின்னுமாக இழுக்கின்றன. வாய் திறந்துகொள்ளாமல் இருக்க, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள தசைகள் சற்றே இறுகிப் பிடிக்கின்றன. ஓய்வில் இருக்க வேண்டிய தசைக்கு மணிக்கணக்கில் வேலை. பிசியோதெரபி துறையில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

3. ஒரே இடத்தில் சேரும் நரம்புகள்

முகம், பல், தாடை ஆகியவற்றின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது டிரைஜெமினல் நரம்பு. மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் இந்த நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் தகவலைச் சேர்க்கின்றன. அதனால் கழுத்திலிருந்து வரும் வலியை தாடை வலியாகவோ, நெற்றிப்பொட்டு வலியாகவோ மூளை எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. மாரடைப்பின்போது இடது கை வலிக்கிறதே, அதே போலத்தான். வலி தெரியும் இடம் ஒன்று, வலி பிறக்கும் இடம் வேறொன்று.

வேலை மும்முரத்தில் பல்லைக் கடிக்கிறோமா?

உட்காரும் விதத்தோடு கைகோர்த்து வரும் இன்னொரு பழக்கம் இது. சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இடையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லுவதையும் விழுங்குவதையும் சேர்த்தாலும், ஒரு நாளில் பற்கள் தொட்டுக்கொள்ளும் மொத்த நேரம் சில நிமிடங்கள்தான்.

ஆனால் டெட்லைன் நெருங்கும்போது, கணக்கு வராதபோது, டிராஃபிக்கில் மாட்டும்போது பலரும் தங்களை அறியாமலேயே பல்லைக் கடிக்கிறார்கள். நறநறவென்று சத்தம் வராததால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது. ‘நான் பல்லைக் கடிக்கிறதே இல்லை’ என்று உறுதியாகச் சொல்பவர்களும், ஒரு நாள் கவனித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட்டுப் போவார்கள்.

இந்தப் பழக்கங்களில் எது உங்களிடம் இருக்கிறது?

• லேப்டாப்பை மடியிலோ கட்டிலிலோ வைத்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பது.
• மேசையில் முழங்கையை ஊன்றி, கன்னத்துக்குக் கை கொடுத்துப் படிப்பது. தாடை ஒரு பக்கமாகத் தள்ளப்படும்.
• போனை காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவது.
• குப்புறப் படுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பித் தூங்குவது. கழுத்து இரவு முழுக்க முறுக்கியபடியே இருக்கும்.
• உயரமான தலையணையில் படுத்துக்கொண்டு, போனை நெஞ்சில் வைத்துப் பார்ப்பது.
• நகம் கடிப்பது, பேனாவைக் கடிப்பது, சூயிங் கம்மை நாள் முழுக்க மெல்லுவது.

தையல் தொழிலாளர்கள், நகை வேலை செய்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கணினியில் வேலை பார்ப்பவர்கள் என்று குனிந்தபடியே பல மணி நேரம் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

‘கூன் போட்டால் தாடை வலி வரும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. 2006-ல் வெளியான ஒரு மறுஆய்வு, அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசிவிட்டு, தலையின் நிலைக்கும் தாடைக் கோளாறுக்கும் உறுதியான தொடர்பு இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு அவை தரமாக இல்லை என்றது. பிறகு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாடை வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் படம் எடுத்து, தலையின் கோணத்தை அளந்தார்கள். வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருந்தது. ஆனால் அதே குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். கழுத்துப் பிரச்னை யாருக்கு அதிகமோ, அவர்களுக்கு தாடைப் பிரச்னையும் அதிகம். இரண்டுக்கும் இடையே வலுவான தொடர்பு தெரிந்தது. எது எதனால் வருகிறது என்பதை மட்டும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சிகிச்சையில் என்ன நடந்தது? 2000-ம் ஆண்டு அமெரிக்க பல் மருத்துவ சங்க இதழில் ஒரு ஆய்வு வெளியானது. தசை சார்ந்த தாடை வலி இருந்த 60 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வீட்டில் செய்ய வேண்டிய கவனிப்பை மட்டும் சொல்லிக்கொடுத்தனர். மற்றொரு குழுவுக்கு அதோடு சேர்த்து, தலையையும் தோளையும் சரியாக வைத்துக்கொள்ளும் பயிற்சியும் கொடுத்தனர். நான்கு வாரம் கழித்து, பயிற்சி எடுத்தவர்களுக்கு தாடைத் தொந்தரவு சராசரியாக 42 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 8 சதவீதம்தான்.

எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக வரவில்லை. சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த பயிற்சி முறை ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம். ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஆறு முறை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வீட்டுக் கவனிப்போடு இதைச் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது, அதில் இரண்டு குழுவினருக்குமே வலி குறைந்தது.

கடைசியாக, 2023 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழ் நாள்பட்ட தாடை வலிக்கான சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில், பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யும் உடல் நிலைப் பயிற்சிகள், தாடைப் பயிற்சிகள், இறுகிய தசைகளைக் கையால் அழுத்தித் தளர்த்தும் சிகிச்சை, மன அழுத்தத்தைக் கையாளும் உளவியல் சிகிச்சை ஆகியவை இடம்பிடித்தன.

ஆக, கூன் மட்டுமே குற்றவாளி அல்ல. மன அழுத்தம், தூக்கமின்மை, பழைய அடி, மூட்டுவாதம், உடலில் வேறு இடங்களில் இருக்கும் நீண்டகால வலி என்று பல காரணங்கள் சேர்ந்துதான் தாடை வலியாக வெளிப்படுகின்றன. ஆனால் அந்தப் பட்டியலில், காசு செலவில்லாமல் இன்றைக்கே மாற்றக்கூடிய ஒன்று உட்காரும் விதம்தான்.

என்ன செய்யலாம்?

உதடு சேரட்டும், பல் பிரியட்டும்: ‘ன்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல் பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் படும். நாக்கு அங்கேயே இருக்கட்டும், பற்கள் ஒட்டாமல் இருக்கட்டும், உதடுகள் லேசாக மூடியிருக்கட்டும். தாடைக்கு இதுதான் ஓய்வு நிலை.

ஒரு ஸ்டிக்கர் பொட்டு போதும்: கணினித் திரையின் ஓரத்திலும் போனின் பின்புறத்திலும் ஒரு பொட்டை ஒட்டி வையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் ‘பல் ஒட்டியிருக்கா? தோள் தூக்கியிருக்கா?’ என்று சரிபாருங்கள். ஒட்டியிருந்தால் மூச்சை மெதுவாக விட்டு, தாடையைத் தளர விடுங்கள்.

திரையை உயர்த்துங்கள்: திரையின் மேல் விளிம்பு ஏறக்குறைய கண் மட்டத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிமனான புத்தகத்தை வைத்து, தனி கீபோர்டு மாட்டினாலே போதும். போனை முகத்தருகே உயர்த்திப் பாருங்கள்.

எழுந்திருங்கள்: எவ்வளவு ‘சரியாக’ உட்கார்ந்தாலும், அசையாமல் ஒரே மாதிரி உட்கார்ந்தால் தசை இறுகத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இரண்டு நிமிடம் நடங்கள். விறைப்பாக ராணுவ வீரர் மாதிரி உட்காரவும் வேண்டாம்.

மோவாயைப் பின்னிழுக்கும் பயிற்சி: நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும், மோவாயை மட்டும் நேர் பின்னால் இழுங்கள். சில விநாடிகள் வைத்திருந்து விடுங்கள். ஐந்தாறு முறை, ஒரு நாளில் மூன்று நான்கு வேளை செய்யலாம். வலி அதிகரித்தாலோ, தலைச்சுற்றலோ கை மரத்துப்போவதோ வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் கேட்டுவிட்டே தொடங்குவது நல்லது.

வலி இருக்கும் நாட்களில்: கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். சூடு பார்த்து, துணியில் பிழிந்து கொடுங்கள். இட்லி, பொங்கல், குழைவான சாதம் என்று மென்மையாகச் சாப்பிடுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு கடிப்பதெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து, வாய் அளவுக்கு மீறித் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்: மல்லாந்து, அல்லது ஒருக்களித்துப் படுங்கள். ஒருக்களித்தால் தலையணை, தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரத்தில் இருக்கட்டும். தாடைக்கு அடியில் கையை வைத்துப் படுக்க வேண்டாம்.

பல்லைப் பிடுங்கினால் சரியாகுமா?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். தாடை வலிக்கு பல்தான் காரணம் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன், 1934-ல் காது வலி, காது அடைப்பு போன்ற தொந்தரவுகளை தாடை மூட்டோடு இணைத்து எழுதினார். பற்களை இழந்து, கடி மாறிப்போவதால்தான் இது வருகிறது என்பது அவரது விளக்கம். அந்த விளக்கம் பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் ‘கடியைச் சரி செய்தால் வலி போகும்’ என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் போகவில்லை.

சொத்தையோ சீழோ இருந்தால் பல்லுக்குச் சிகிச்சை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பல் நன்றாக இருக்கும்போது, தாடை வலிக்காக மட்டும் பல்லைப் பிடுங்குவது, பல்லை ராவி கடியை மாற்றுவது, மூட்டில் அறுவை சிகிச்சை செய்வது போன்றவை திரும்பப் பெற முடியாத முடிவுகள். பிடுங்கிய நல்ல பல் மீண்டும் முளைக்காது. கடியை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களும், மூட்டுத் தட்டை அகற்றும் அறுவை சிகிச்சையும் வேண்டாம் என்று பிஎம்ஜே வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது. இரவில் மாட்டும் கழற்றக்கூடிய ஸ்பிளின்ட்டைக்கூட, நாள்பட்ட வலிக்கு அது பெரிதாகப் பரிந்துரைக்கவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு பல் தேயாமல் காக்க அது உதவலாம். வலியைப் போக்கும் என்று மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

எளியதை, செலவு குறைந்ததை, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடக் கூடியதை முதலில் செய்து பார்ப்பதே சரியான வரிசை. பெரிய சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

எல்லா தாடை வலிக்கும் கழுத்தைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

• நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடை வலி வருகிறது, அல்லது நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு வருகிறது என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே இப்படி வரக்கூடும். உடனே 108-ஐ அழையுங்கள்.
• 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது தாடை வலி, புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே பறிபோகும் ஆபத்து உண்டு.
• காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், விழுங்க முடியாமை இருந்தால் பல் தொற்று பரவியிருக்கலாம்.
• வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ, திடீரென்று திறக்கவே முடியாமல் போனாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• பாக்கு, பான் மசாலா, குட்கா பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காரம் பட்டால் எரிச்சலும் இருந்தால், அது வாய்ப்புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேற்கண்ட எதுவும் இல்லாமல், வலி மட்டும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் பல் மருத்துவரையோ, வாய் மற்றும் முக அறுவை சிகிச்சை நிபுணரையோ பார்த்து, தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்ட்டின் உதவியையும் பெறலாம். அப்போது தாடை வலியை மட்டும் சொல்லாமல், “கழுத்தும் வலிக்குது, இத்தனை மணி நேரம் இப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் கழுத்தைப் பற்றி ஏன் பேசணும் என்று நினைத்துப் பலரும் விட்டுவிடும் தகவல் அது. நல்ல பல் ஒன்றைக் காப்பாற்றும் தகவலாகவும் அதுவே இருக்கலாம்.